நாகமணி விட்ட மூலைகள்

அரக்கோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கும் பெண் ஒருத்தி போன மாதம் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். அவள் பள்ளியில் குழந்தைகளுக்குச் சாயம் தெளித்து வரையும் வகுப்பு தொடங்கப்போகிறார்களாம். அதற்கென்று தனி அறை, தரைக்குப் பிளாஸ்டிக் விரிப்பு, கழுத்திலிருந்து முழங்கால் வரை மூடும் மேலங்கி எல்லாம் வந்து இறங்கிவிட்டதாம். "நீங்க அந்தக் காலத்துலயே திருத்தணியில இதப் பண்ணீங்கன்னு சொன்னாங்க மேடம்" என்றாள். எனக்குத் தெரிந்த செய்முறையைச் சொன்னேன். கிளம்பும்போது, "இதனால பிள்ளைங்களுக்கு என்ன பிரயோஜனம்னு பெத்தவங்க கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டாள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகு என் பழைய மாணவி நாகமணியின் நினைவு வந்து உட்கார்ந்துகொண்டது. அன்று முழுக்க வேறு எதுவும் ஓடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலூரில் பிறந்தவள். சென்னையில் ஓவியம் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பானை, பழம், சிலையின் மூக்கு, கை எலும்பு என்று வரைந்து வரைந்து விரல் காய்த்ததுதான் மிச்சம். ஒரு பிற்பகல் மட்டும் மறக்கவில்லை. வெளிநாடு போய்த் திரும்பியிருந்த விரிவுரையாளர் ஒருவர் ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சுவரில் சில படங்களைக் காட்டினார். அமெரிக்காவில் ஓர் ஓவியர் துணியைச் சட்டத்தில் மாட்டாமல் தரையில் விரித்து, அதைச் சுற்றி நடந்துகொண்டே, குச்சியிலிருந்து சாயத்தை வழியவிட்டும் வீசியும் வரைகிறாராம். உருவம் என்று எதுவும் இல்லை. "வெத்தல போட்டுத் துப்பின சுவரு மாதிரி இருக்கு சார்" என்றாள் என் பக்கத்தில் இருந்தவள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டு, "எதை வரைஞ்சாருன்னு தேடாதீங்க. கை எப்படிப் போயிருக்குன்னு பாருங்க" என்றார். அப்படிப் பார்த்தபோது எனக்கு அந்தப் படத்தில் ஓர் ஆள் நடந்துபோவது தெரிந்தது.

அறுபதுகளின் நடுவில் திருத்தணியில் பெண்கள் பள்ளியில் வேலை கிடைத்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பெண்கள். வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ். ஓவிய வகுப்பு என்றால் பரீட்சைக்கான பானையும் மாவிலையும்தான். பானையின் இடது வயிறும் வலது வயிறும் ஒன்றுபோல வராததால் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளே ஓட்டையாகிவிடும். பெண்கள் அழுவார்கள். அந்த அழுகையைப் பார்த்துச் சலித்துத்தான் எனக்கு அந்த அமெரிக்கக்காரரின் நினைவு வந்தது.

எங்கள் தலைமையாசிரியையைப் பிள்ளைகள் 'பெரிய டீச்சர்' என்பார்கள். நாங்களும் எங்களுக்குள் அப்படித்தான் சொல்வோம். அவர் வகுப்புக்குள் நுழைந்து யாரையும் திட்டியதில்லை. வாசற்படியில் நின்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் வகுப்பு அடங்கிவிடும். சொல்ல வேண்டியதை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார். நான் போய் அனுமதி கேட்டபோது கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். "படம்னா அது என்னன்னு தெரியணுமே டீச்சர்" என்றார். பிறகு, "சரி, புங்க மரத்தடியில பண்ணுங்க. சுவத்துல ஒரு பொட்டு படக் கூடாது" என்றார்.

சுவரில் படவில்லை. சட்டைகளில் பட்டது. மறுநாள் காலை வாசலில் நாலைந்து தாய்மார்கள் நின்றார்கள். "இருக்கறதே ஒரு வெள்ளச் சட்டங்க. தொவச்சித் தொவச்சிப் பாத்தேன், போவல. நாங்க சாயத்துலயே பொறந்து சாயத்துலயே சாவறோம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பனா இங்கயும் சாயமா?" என்றாள் ஒருத்தி. பெரிய டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர்களை அனுப்பினார். இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாலையில் வாசற்படியில் வந்து நின்றார். "இனிமே அப்பாவோட பழைய சட்டைய முன்பின்னா மாத்திப் போட்டுக்கிட்டு வரச் சொல்லுங்க. சட்டைக்கு நான் பொறுப்பு. படத்துக்கு நீங்க பொறுப்பு."

அப்படித்தான் அது நடந்தது. சனிக்கிழமை அரை நாள் வகுப்பில் பெண்கள் எல்லோரும் முதுகுப் பக்கம் பொத்தான் போட்ட ஆண்பிள்ளைச் சட்டைகளோடு மரத்தடியில் நிற்பார்கள். தாள் வாங்க வழியில்லை. சினிமாக் கொட்டகைக்காரர் ஒட்டாமல் மிஞ்சிய போஸ்டர்களைக் கொடுப்பார். அவற்றைக் கவிழ்த்துப் போட்டு நான்கு ஓரத்திலும் கல் வைப்போம். காவி, மஞ்சள், துணிக்குப் போடும் நீலம், சுவருக்கு அடிக்கும் பச்சைத் தூள், கரி. இவற்றைச் சோற்றுக் கஞ்சியில் கரைக்க வேண்டும். கஞ்சி கெட்டியானால் கட்டியாக விழும். நீர்த்தால் தாள் குடித்துவிடும். குச்சியைத் தூக்கினால் நூல் போல அறுபடாமல் இறங்க வேண்டும். நெசவுக்காரப் பெண்களுக்கு அந்தப் பதம் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது. வீட்டில் தறிக்கான பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிறவர்கள்.

விதிகள் சிலவே. மணிக்கட்டால் வீசக் கூடாது. தோளிலிருந்து வீச வேண்டும். ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. தாளைச் சுற்றி நடக்க வேண்டும். நுண்ணிய தூறல் வேண்டுமென்றால் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷைத் தோய்த்துச் சீப்பின் மேல் இழுக்க வேண்டும். பெரிய வீச்சுக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் மட்டை. அடுத்தவள் படத்தைப் பார்த்து 'இது என்ன' என்று கேட்கக் கூடாது. ரப்பர் கிடையாது. விழுந்தது விழுந்ததுதான். பானை வரையும்போது அழுத பெண்கள் யாரும் அங்கே அழுததில்லை.

நாகமணி ஏழாம் வகுப்பில் என்னிடம் வந்தாள். நெசவாளர் வீட்டுப் பெண். ஒல்லி, நெற்றியில் எப்போதும் ஒரு காயம். நடக்கும்போது யார் மீதாவது மோதுவாள். பெஞ்சில் இடித்துக்கொள்வாள். கிண்டல் செய்தால் திருப்பி அடிக்கவும் தயங்கமாட்டாள். பானை வரைவதில் அவளைப் போல மோசமாக வரைந்தவர்கள் இல்லை. ஆனால் மரத்தடிக்கு வந்தால் வேறு ஆள். காலை அகட்டி வைத்து, மூச்சை இழுத்து, மட்டையைத் தோளுக்கு மேலே கொண்டுபோய் அவள் வீசும்போது மற்றவர்கள் தங்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நீலத்தின் மீது காவி, அதன் மீது மெல்லிய மஞ்சள் நூல். எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தானாகவே தெரிந்தது. ஒரு பிள்ளைக்கு அது தெரிவது அபூர்வம்.

இரண்டு விஷயங்கள் மட்டும் என்னை உறுத்திக்கொண்டிருந்தன. காலடியில் இருக்கும் சாயக் குவளைகளை ஒவ்வொரு வாரமும் உதைத்துக் கவிழ்ப்பாள். அவள் படத்தில் நடுவில் மட்டும் சாயம் அடர்ந்திருக்கும். நான்கு மூலைகளும் வெறுமையாக இருக்கும். முதலில் அது அவள் ரசனை என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை, "தாள் முழுக்கப் பண்ணும்மா" என்றேன்.

"முழுக்கத்தான் பண்ணேன் டீச்சர்."

"மூலையெல்லாம் சும்மா இருக்கே?"

அவள் தலையை மெதுவாகத் திருப்பி, முதலில் ஒரு மூலையையும் பிறகு அடுத்த மூலையையும் தேடித் தேடிப் பார்த்தாள். "ஆங், ஆமா" என்றாள். "தாளு இவ்ளோ பெருசா?"

அவளை மரத்தில் சாய்த்து நிறுத்தி, நேராக என் முகத்தையே பார்க்கச் சொன்னேன். ஒரு சாக்பீஸை அவள் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் கொண்டுவந்தேன். "தெரிஞ்சா சொல்லு."

"எது டீச்சர்?"

சாக்பீஸ் அவள் கன்னத்துக்கு நேரே வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. கண்ணின் ஓரத்தைத் தாண்டியது. இன்னும் இல்லை. கிட்டத்தட்ட என் மூக்குக்கு நேராக வந்தபோதுதான், "ஆங், இப்ப தெரியுது. சாக்பீஸு" என்று சிரித்தாள். இது ஏதோ விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு, "எனக்கும் டீச்சர், எனக்கும்" என்று மற்றப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அவர்கள் எல்லோருக்கும் காதருகே கொண்டுவந்த உடனேயே தெரிந்தது.

பெரிய டீச்சரிடம் சொன்னேன். அன்று அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. மறு வாரம் எங்களோடு சென்னைக்கு அவரே ரயில் ஏறினார். நாகமணி, அவள் அம்மா, நான், அவர். கண் ஆஸ்பத்திரியில் இருட்டறைக்குள் வெகு நேரம் பரிசோதித்தார்கள். வெளியே வந்த டாக்டர் வயதானவர், சாந்தமானவர். நாகமணியைப் பெரிய டீச்சரோடு வெளியே உட்காரச் சொல்லிவிட்டு எங்களிடம் பேசினார். கண்ணுக்குள்ளே பின்பக்கம் இருக்கும் திரை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வருகிறது. நடுவில் மட்டும் பார்வை மிச்சமிருக்கிறது. அதுவும் சில வருடங்களில் போய்விடும். மருந்து கிடையாது. அறுவை சிகிச்சையும் கிடையாது.

"நீங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?" என்று அவள் அம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்க. எங்க அம்மா கூடப் பொறந்த மாமாவத்தான் கட்டிகினேன்."

"இனிமேலாவது இந்தக் குடும்பத்துல உறவுக்குள்ள பண்ணாதீங்கம்மா. பிள்ளைங்களுக்கு வரும்."

அந்தம்மாள் தலையாட்டினாள். விளக்கு வைக்கும் நேரமானால் பெண் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதைச் சொன்னாள். சோம்பல் என்று நினைத்துத் தானே அடித்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

திரும்பும்போது ரயிலில் கூட்டம் இல்லை. "அவகிட்ட சொல்லிடாதீங்க டீச்சர்" என்று அந்தம்மாள் என் காதில் சொன்னாள். ஆனால் ஆஸ்பத்திரியின் தட்டிக் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. திருவாலங்காடு தாண்டியபோது, ஜன்னலோரம் இருந்த நாகமணி வெளியே கரும்புத் தோட்டங்களைப் பார்த்தபடியே கேட்டாள்: "டீச்சர், எந்தக் கலரு மொதல்ல போவும்?"

எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரியாது என்றுதான் சொன்னேன். பெரிய டீச்சர் எழுந்து போய்க் கதவருகே, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அரக்கோணம் வரும் வரை நின்றார்.

எட்டாம் வகுப்போடு அவளை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். சனிக்கிழமைகளில் மட்டும் மரத்தடிக்கு வருவாள். பள்ளியில் பெயர் இல்லாத பெண் எப்படி வரலாம் என்று ஓர் ஆசிரியை கேட்டபோது, "நான் வரச் சொன்னேன்" என்று பெரிய டீச்சர் சொன்னதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இப்போது நாகமணி முதலில் தாளின் நான்கு ஓரத்தையும் கையால் தடவி அளந்துகொள்வாள். பிறகு எழுந்து நின்று வீசுவாள். மூலைகளிலும் சாயம் விழும். தான் வீசியதை அவளால் ஒருசேரப் பார்க்க முடியாது. குனிந்து, ஒரு பக்கத்திலிருந்து துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே வருவாள். அதை என்னால் நின்று பார்க்க முடிந்ததில்லை. குவளைகளைக் கழுவப் போய்விடுவேன்.

அவளைக் கூட்டிக்கொண்டு வந்து விடுவதும் அழைத்துப் போவதும் அவள் அத்தை மகன் தணிகாசலம். அவளைவிட ஆறேழு வயது மூத்தவன். தெலுங்கு முறைப்படி அவனை 'பாவா' என்று கூப்பிடுவாள். அவளோடு நடக்கும்போது ஓர் அடி முன்னால் நடப்பான். கல், குழி எது வந்தாலும் வாயால் சொல்லமாட்டான். காலால் தரையை லேசாகத் தட்டுவான். அவளுக்குப் புரியும். இருவருக்கும் கல்யாணம் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள்.

அவளுக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது அவள் அப்பா என் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "வெளியில குடுக்கலாம்னா கண்ணு தெரியாத பொண்ண எவன் கட்டுவான்? உள்ள குடுத்தா புள்ளைக்கும் வரும்ன்றாரு டாக்டரு. தணிகாசலம் கட்னா அவளத்தான் கட்டுவேன்னு நிக்கறான். நான் இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க. அவன்கிட்ட நீங்க ஒருவாட்டி பேசுங்க டீச்சர். நான் சொல்லப் போனா வாயில வர மாட்டேங்குது."

தணிகாசலம் குழித்தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தான். நான் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டாக்டர் சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். ஊடுநூல் சுற்றிய நாடாவைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"அவ யாரு மேலயாவது மோதிட்டா, மோதுனவங்க கோச்சிக்கிறாங்க டீச்சர். கண்ணு இல்லியான்னு கேக்கறாங்க. இன்னொருத்தன் வூட்ல போயி அவ எத்தினி பேருகிட்ட அந்தப் பேச்சு கேக்கணும்?" என்றான். பிறகு, "யோசன பண்றேன். போங்க" என்றான்.

சில வாரம் கழித்துப் பள்ளி வாசலில் வந்து நின்றான். கையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் பக்கெட்.

"கேம்ப்புக்குப் போயிட்டு வந்துட்டேன் டீச்சர்."

எனக்குப் புரியவில்லை. அந்தச் சமயத்தில் ஊருக்கு ஊர் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடந்துகொண்டிருந்தது. ஆம்பளைகளுக்கு ஆபரேஷன் செய்து அனுப்புவார்கள்.

"கல்யாணம் ஆகாதவனுக்கு எப்படிப்பா பண்ணாங்க?"

"ரெண்டு புள்ளைங்க இருக்குதுன்னு சொன்னேன். யாரும் ஒண்ணும் கேக்கல. பண்ணிட்டு இந்த பக்கெட்டக் குடுத்தாங்க." அதை எங்கே வைப்பதென்று தெரியாதவன் போல இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "இப்ப கட்டிக்கலாம் இல்லீங்களா? இனிமே யாருக்கும் வராது."

"நாகமணிக்குத் தெரியுமா?"

"இன்னைக்குத்தான் சொல்லணும்."

அந்த வாரச் சனிக்கிழமை நாகமணி தனியாக வந்தாள். தடுமாறித் தடுமாறி வந்திருக்கிறாள்; முழங்கால் சிராய்த்திருந்தது. தாளின் ஓரத்தைத் தடவிப் பார்க்கவில்லை. காவியில் மட்டையைத் தோய்த்து ஒரே வீச்சாக வீசினாள். அது தாளைத் தாண்டி மரத்தில் போய் அடித்தது. மறுபடி வீசினாள். மற்றப் பெண்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். குவளை காலியான பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல டீச்சர்?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"கொழந்த வேணான்னுதான் சொல்லியிருப்பேன்." முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். காவி கன்னத்தில் தீற்றியது. "ஆனா நான்தான் சொல்லியிருக்கணும். பாவா சொல்லக் கூடாது. என் கண்ணு எனக்குக் கொஞ்ச நாளு இருக்குது இல்ல? ஒரு புள்ள மூஞ்ச..." அவள் தலையில் கை வைத்தேன், தட்டிவிட்டாள்.

அந்தப் பங்குனியில் மலை மேல் கல்யாணம் நடந்தது. நானும் பெரிய டீச்சரும் போயிருந்தோம். அவள் அவனிடம் பேசாமலேயே தாலி கட்டிக்கொண்டாள் என்று அவள் அம்மா பிற்பாடு சொன்னாள். படி இறங்கும்போது அவன் ஓர் அடி முன்னால் காலைத் தட்டித் தட்டி இறங்கினான். அவள் கொஞ்ச தூரம் தானாகவே இறங்கப் பார்த்தாள். பிறகு நின்று, கையை நீட்டினாள்.

பெரிய டீச்சர் ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக வந்தவருக்கு மரத்தடிச் சாயம் பிடிக்கவில்லை. பரீட்சைக்கு உதவாத வேலை என்றார். அவர் சொன்னது பொய்யுமில்லை. போஸ்டர்களை மூட்டை கட்டிக் கொட்டகைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். மறுபடி பானை, மறுபடி மாவிலை.

கல்யாணமான சில வருடங்களில் உறவுக்குள் பேச்சு கிளம்பியது. குருடும் மலடும் சேர்ந்து வந்ததென்று அவள் காதுபடவே பேசினார்கள். தணிகாசலத்துக்கு வேறு பெண் பார்க்க அவன் அம்மாவே கிளம்பினாள். "கொற என்கிட்டத்தான்" என்று அவன் நடுத் தெருவில் நின்று சொல்லிவிட்டான். முகாமுக்குப் போனதைச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பழி அவள் கண் மேல் வரும். ஆண்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். தறிக்காரர்கள் மத்தியில் உட்கார முடியாமல், அவளையும் கூட்டிக்கொண்டு பொதட்டூர்ப்பேட்டைக்குப் போய் விசைத்தறியில் கூலிக்குச் சேர்ந்தான்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன் அவளைப் பார்க்கப் பஸ் ஏறினேன். விசைத்தறிக் கொட்டகையை ஒட்டி ஒற்றை அறை வீடு. சத்தத்தில் சுவரே அதிர்ந்துகொண்டிருந்தது. கொட்டகை வாசலைக் கடக்கும்போது உள்ளே எட்டிப் பார்த்தேன். எல்லாத் தறியிலும் வெள்ளைத் துணி ஓடிக்கொண்டிருந்தது. தணிகாசலத்தின் தலை, புருவமெல்லாம் வெள்ளைப் பஞ்சு.

நாகமணி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பெயர் சொன்னதும் முறத்தை ஒதுக்கிவிட்டு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். கண்கள் திறந்துதான் இருந்தன. பார்வை முழுதாகப் போய்ச் சில காலம் ஆகியிருந்தது.

"வர்றவங்க எல்லாம் கடைசியா இன்னா பாத்தேன்னு கேக்கறாங்க டீச்சர். நீங்க கேக்கல" என்றாள்.

"எனக்குக் கேட்கத் தோணல."

"கேட்டாலும் தெரியாது. அதுதான் கடைசின்னு தெரிஞ்சிருந்தா நின்னு பாத்திருப்பேன்."

சாப்பாட்டு நேரத்துக்குத் தணிகாசலம் வந்தான். என்னைப் பார்த்துச் சங்கோசத்தோடு சிரித்துவிட்டுக் கை கழுவினான். அவள் தடவித் தடவித் தட்டு வைத்துச் சோறு போட்டாள். "பாவா, இன்னைக்கு இன்னா கலரு?" என்று கேட்டாள்.

அவன் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். "மாம்பழ மஞ்சளு. ஓரத்துல அரக்கு."

"நேத்து?"

"நேத்து மயில் கழுத்து. மறந்துட்டியா?"

"மஞ்சளுக்கு அரக்கு நல்லா எடுக்கும்" என்று அவள் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "ஆமா, நல்லா எடுக்கும்" என்றேன். அவன் சாப்பிட்டுவிட்டுத் தறிக்குப் போனான்.

நான் கிளம்ப எழுந்தபோது வாசல் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். தறிச் சத்தத்துக்கு மேலே என் காதருகே வந்து கேட்டாள்.

"வெள்ளதானே ஓட்டிகினு இருக்காரு?"

நான் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"சாயம் போட்ட நூலு வாசன எனக்குத் தெரியாதா டீச்சர்? இந்த ஊருக்கு வந்ததுலேருந்து அவரு மேல அந்த வாசனயே இல்ல."

"அவர்கிட்ட நீ சொன்னதில்லயா?"

"சொன்னா நிறுத்திடுவாரு இல்ல?" என்றாள்.

கொட்டகை வாசலைக் கடக்கும்போது தணிகாசலம் தறியிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தான். ஏதோ கேட்பது போல இருந்தது அவன் பார்வை. நான் தலையை மட்டும் அசைத்துவிட்டு, அந்த வெள்ளைத் துணியின் பக்கம் பார்க்காமல், பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.